நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

என் மேசைக் கணினியில் படிவம் அழகாக இருந்தது.
ஓரங்கள் நூல் பிடித்தாற்போல்,
ஒருவரி விட்டு ஒருவரி வெளிர்நீலம்.
வடிவமைக்கும் கருவிக்குள் எல்லாமே அழகுதான்,
கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் சிரிப்பதைப் போல.

உலாவியில் திறந்தேன்.
தேதிப் பெட்டியைக் காணோம்.
ஆடுகளின் அட்டவணை
ஒட்டகங்களின் மேல் ஏறி நின்றது.
'சமர்ப்பி' பொத்தான் திரைக்கு வெளியே
எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது.

உலான்பாத்தர். நான்காவது மாடி. பிப்ரவரி.
நிலக்கரிப் புகையால்
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட்டிருந்தோம்.
தெல்கெர்மா எட்டிப் பார்த்தாள்:
"பழைய கைபேசியில் சோதித்தாயா, சொலொங்கோ?
அங்கே எல்லோரிடமும் இருப்பது அதுதான்."

அங்கே என்றால் சவ்ஹான்.
அங்கே என்றால் ஜுட்:
புல் பனிக்கட்டிக்கு அடியில்,
மந்தை பனிக்கட்டிக்கு மேலே,
நடுவே விரற்கடை தூரம்.

மூன்றாம் பதிப்பில் முகவரிக்குச்
சிவப்பு நட்சத்திரம் வைத்திருந்தேன்.
குளிர்கால முகவரியா வசந்தகால முகவரியா என்று
நாற்பது தொலைபேசி அழைப்புகள்.
நான்கில் நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.
ஐந்தில், சிக்னல் போனாலும் எழுதியது போகாதபடி
உலாவிக்குள்ளேயே பதுக்கினேன்.
ஆறில், வசதிக்காக,
இழப்புக் கட்டங்களில் சுழியத்தை நானே நிரப்பி வைத்தேன்.
ஒவ்வொரு குடும்பமும் முதலில்
அந்தச் சுழியத்தை அழிக்க வேண்டியிருந்தது.
ஆறைப் பற்றி இதற்குமேல் கேட்காதீர்கள்.

ஏழு வெளியான அன்று ஒருவர் அழைத்தார்.
பெயர் ஹுன்பிஷ்.
மனிதனில்லை என்று அர்த்தம்;
முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை,
சாவு ஏமாந்து போகட்டுமென்று வைத்தது.
"நான் ரோபோ இல்லை என்று டிக் அடிக்கச் சொல்கிறதே,
அதையும் அடித்துவிட்டேன்" என்று சிரித்தார்.
சிக்னலுக்காகக் குன்றின்மேல் நின்றிருந்தார்.
சிரிப்பைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது.

"குதிரை ஒன்பது. மாடு நான்கு. ஒட்டகம் இல்லை.
செம்மறி நூற்று அறுபத்தொன்று.
வெள்ளாடு எண்பத்தெட்டு.
ஒரு சந்தேகம்.
இருப்பவை என்று ஒரு கட்டம்,
இறந்தவை என்று ஒரு கட்டம்.
படுத்துவிட்டவற்றை எதில் எழுத?"

"மூச்சிருக்கிறதா?"

"இப்போது இருக்கிறது."

கட்டம் முழு எண்ணைத்தான் ஏற்கும்.
விதி நான் எழுதியது.
கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் சிவக்கும் வரியும்
நான் எழுதியதுதான்,
முன்னால் ஒரு 'தயவுசெய்து' போட்டு.

இயக்குநரிடம் மூன்றாவது கட்டம் கேட்டேன்.
தரவுத்தளத்தில் அதற்கு நெடுவரிசை இல்லையே என்றார்.
கெட்டவர் அல்ல.
நெடுவரிசை இல்லைதான்.

இரவு பத்தரைக்கு ஹுன்பிஷின் படிவம் வந்து சேர்ந்தது.
ஆறு குதிரைகளையும் இருப்பவையில் போட்டிருந்தார்.
கடைசியில் 'குறிப்பு' என்றொரு பெட்டி,
யாரும் தொடாதது,
நூற்றிருபது எழுத்து என்று ஏனோ நான் வரம்பு வைத்தது.
அதில் எழுதியிருந்தார்:

செவலை, நெற்றியில் சுட்டி.
மயிலை, சினை.
தேன்நிறம், இடது முன்கால் வெள்ளை.
சாம்பல், மகனுடையது.
புள்ளி, கிழடு, வேலிக்கு அந்தப் பக்கம்.
காரி, காது கிழிந்த

அங்கே எழுத்து தீர்ந்திருந்தது.

மறுநாள் எட்டாம் பதிப்பு.
மாற்றக் குறிப்பில் இப்படிப் பதிந்தேன்:
குறிப்புப் பெட்டிக்கு இனி வரம்பில்லை.
எழுத எழுதக் கீழ்நோக்கி வளரும்.
ஒன்று தவிர எல்லா உலாவிகளிலும் சோதிக்கப்பட்டது.

தெல்கெர்மா காரணம் கேட்டாள்.
காது கிழிந்த ஒன்று வெளியே நிற்கிறது என்றேன்.

அந்த ஒன்று, பழைய கைபேசியின் உலாவி.
அதில் பெட்டி வளர்ந்து வளர்ந்து
பொத்தானை மூடிவிடுகிறது.
சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று,
அனுப்ப வழியில்லை.

அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மணி நான்கு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.