உப்பிடுகிறவன்

பதினெட்டு வருடமாகப் பன்றித்தொடைக்கு
ஊசி போடுகிறேன்.
நாற்பது ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்கும்,
உப்புநீர் உள்ளே போகும்.
கரைசலைக் கலக்குவது என் கை.
உப்போடு அளந்து கொஞ்சம் நைட்ரைட்.
அது இல்லாவிட்டால் வெந்த இறைச்சி
சாம்பல் நிறம்.
உண்மை நிறம் அதுதான்.
சொன்னால் இந்த ஊரில்
என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

போன மார்ச்சில் என் குடலுக்குள்
கேமரா விட்டார்கள்.
கொண்டைக்கடலை அளவில் ஒன்று.
வெட்டிச் சீசாவில் போட்டார்கள்.
"இதனாலா?" என்றேன்.
டாக்டர் லெ கொஃபிக் தோளைக் குலுக்கினார்:
"சிகரெட், சைடர், உங்கள் அப்பா,
தினம் இரண்டு துண்டு ஹாம்.
யார் தலையில் கட்டட்டும்?"
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதென்றால் இதுதான் போல:
உள்ளே,
கேமரா போகிற ஆழம் வரை.
அன்றோடு ஹாமை விட்டேன்.
வேலையை விடவில்லை.

சொவாசிக் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள்,
தினமும் இருநூற்றுப் பத்து தட்டு.
நகராட்சிக் கூட்டத்தில் பெற்றோர்கள்
நைட்ரைட் வேண்டாமென்று அட்டை பிடித்தபோது
என் மனைவி எழுந்து
"இருக்கட்டும்" என்றாள்.
நாற்காலிகள் கிறீச்சிட்டுத் திரும்பின.
"ஆலைக்காரன் பெண்டாட்டி" என்றது பின்வரிசை.

அவர்களுக்கு அவள் தம்பி தெனெஸைத் தெரியாது.
சொந்தத் தோட்டத்து பீன்ஸ், வீட்டு ஜாடி,
எதுவும் சேர்க்காதது, கையால் எழுதிய தேதி.
வெள்ளி இரவு
எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான்.
சனிக்கிழமை இமை தூக்க முடியவில்லை.
பிறகு ஒன்பது வாரம்
ஒரு இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது.
இப்போது நடக்கிறான்.
ஜாடி மூடி திறக்கும் சத்தம் கேட்டால்
எழுந்து போய்விடுவான்.

இதை அவள் கூட்டத்தில் சொல்லவில்லை.
"பீன்ஸில் யாரும் நைட்ரைட் போடுவதில்லையே"
என்றேன் காரில்.
"தெரியும்" என்றாள்.
வீடு வரை வைப்பர் மட்டும் பேசியது,
பிரெத்தாஞ் மழையோடு.

ஆலை புதுப் பெட்டி போட்டது.
நைட்ரைட் சேர்க்கவில்லை என்று எழுத்து,
பச்சை இலைப் படம், ஒரு யூரோ கூடுதல்.
உள்ளே செலரிச் சாறு.
வாசலில் துரத்தியவன்
கொல்லைப்பக்கமாக வந்து
கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான்.
இதையும் கலக்குவது என் கைதான்.
அட்டை பிடித்தவர்கள் வாங்குகிறார்கள்,
எனக்கு வணக்கமும் சொல்கிறார்கள்.

நிஜமாகவே எதுவும் போடாததையும்
ஒரு முறை செய்து பார்த்தோம்.
சாம்பல். ஒன்பது நாள் ஆயுள்.
தொட ஆளில்லாமல்
இரண்டு டன் திரும்பி வந்தது.

அதில் ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
சொவாசிக் தேதியைப் பார்த்தாள்,
முகர்ந்தாள்,
மறுபடி தேதியைப் பார்த்தாள்.
இரண்டு தட்டு, ஆளுக்கொரு துண்டு.
"நீ முதலில்" என்றாள்.
"நீ" என்றேன்.

தெனெஸ் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தான்.
நின்றபடியே
அவள் துண்டைத் தின்றான், என் துண்டையும்.
விரலை நக்கிவிட்டுச் சொன்னான்:
"உப்பு பத்தவில்லை."