ஐந்தரை மணித் தட்டு

மூடுபனி இறங்கினால் அரவேனுவில்
ஐந்தரைக்கே இருட்டு.
ஃபேக்டரி சல்லடை அறையின் தூசியைத் தலையில் சுமந்தபடி
வீடு சேர்ந்ததும் முதல் வேலை
எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவது.
மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று.
கருவாட்டு வாசம் வாசல் தாண்டுமுன்
பட்டாணி வந்து காலில் உரசித் தும்மும்.
நொண்டி வரும், தண்ணீர்த் தொட்டி ஓரமாக,
யாருக்கோ கடன்பட்டவள் மாதிரி தலை குனிந்து.
கலெக்டர் மட்டும் வரமாட்டான்.
லைனில் பன்னிரண்டு வீட்டு அடுப்படியும்
ஆய்வு முடிந்த பிறகுதான்
சொந்த வீடு ஞாபகம் வரும் அவனுக்கு.

வந்த இரண்டையும் கூண்டில் விட்டுக்
கொண்டியைப் போட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன்.
கோத்தகிரியில் யாக்கூப் பாய் பட்டறையில்
மிச்சக் கம்பியில் பற்றவைத்த கூண்டு.
"கோழிக்கா?" என்றார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
பூனைக்கு மூவாயிரத்து எண்ணூறா என்று
திருப்பூரிலிருந்து ஒரு குரல் ஏற்கெனவே கேட்டிருந்தது.
முதல் வாரம் இரவெல்லாம் அழுதன.
பக்கத்து வீட்டு செலின் சுவரில் குத்தினாள்.
அப்புறம் அவளே பழைய கம்பளியொன்று கொண்டுவந்து
கூண்டின் மேல் போர்த்திவிட்டுப் போனாள்.

முன்பு நான்கு.
சாம்பல் என்று ஒருத்தி.
விடிந்தால் வாசலில் ஒரு சின்னான் கிடக்கும்,
கொண்டை கலைந்து, இன்னும் சூடாக.
வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று.
பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு
நான் போய்ப் பதில் சொன்னேன்:
மார்க்கெட்டில் பத்து ரூபாய், சிவப்பு நாடா,
கடுகளவு நாக்குள்ள பித்தளை மணி.
குருவிகள் பிழைத்தன.
ஐப்பசி மழை விட்ட ஓர் இரவு
உண்ணிச்செடிப் பக்கம் அந்த மணி
வேகமாக ஒருமுறை குலுங்கி நின்றது.
காலையில், கவ்வாத்து வெட்டிய ஒன்பதாம் நம்பரில்
நாடாவோடு கிடைத்தது.
எடுத்து ஆட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஒலித்தது.

கார்டு போஜராஜன் வந்து
ஈரமண் தடத்தின் மேல் தன் கையை விரித்து வைத்தார்.
"சிறுத்தைம்மா. பொட்டை.
ஆடு மாடுன்னா எழுதிக் கொடுக்கலாம்.
பூனைக்கு ஃபாரத்துல கட்டம் கிடையாது."
செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில்,
"மணி கட்டியிருந்தீங்களோ?"

லிங்கண்ணன் காட்டேஜ் கேமராவில் போன வாரம்,
இரவு இரண்டு பதினாலு:
சுவரோரம் வருகிறது, அவசரமே இல்லாமல்.
என் ரப்பர் செருப்பை மோந்து பார்க்கிறது.
கூண்டருகே நிற்கிறது. நிற்கிறது.
கம்பியைப் பாதத்தால் தொடுகிறது,
கறிக்கடையில் விலை கேட்பது போல.
மேலே சின்டெக்ஸ் மூடியில்
பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வாலோடு கலெக்டர்.

எட்டு முறை போட்டுப் பார்த்தேன்.
பிறகு கை தவறி முந்தைய துண்டு ஓடியது.
அன்று மாலை, ஐந்து முப்பத்தொன்று.
அந்தக் கேமராவில் சத்தம் பதியாது.
உண்ணிச்செடிக்குள்ளிருந்து இரண்டு காதுகள்
என் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன.
கொஞ்சம் நிறுத்தி,
மறுபடி.

இன்று தட்டவில்லை.
தட்டு அடுப்படியில் கவிழ்ந்து கிடக்கிறது.
கூண்டில் இரண்டு.
கருவாட்டுத் துண்டை ஷால் நுனியில் முடிந்துகொண்டு
வாசலில் நிற்கிறேன்,
இப்போது என் மேலேதான் அந்த வாசம்.
டார்ச் வெளிச்சம் பனிக்குள்
நாலடிக்கு மேல் போகவில்லை.
கலெக்டர் என்று உதட்டை மட்டும் அசைக்கிறேன்.

தலைக்கு மேல் தகரத்தில் ஏதோ குதித்தது.
மூச்சைப் பிடித்தபடி
காதால் எடை போடுகிறேன்.
நாலு கிலோவா,
நாற்பதா.