ஆதாமுக்கு எந்த டின்

பூஞ்சணம் முதலில் பிடித்தது காலில்தான்.
சாமிமலைச் சிற்றாலயத்தின் மேற்குச் சுவரில்
நான் வரைந்த ஆதாமுக்கு
இரண்டு மழைக்காலத்தில்
கணுக்கால் வரை கறுத்துவிட்டது.
ஏவாளுக்கு முழங்காலும் தாண்டி.

ரோஜா நிறத்தில் வரைந்திருந்தேன்.
அது எப்படி ஆனதென்றால்,

ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில்
மூன்று வருடம் மணப்பெண்களை வெளுத்தவன் நான்.
நெற்றியில் மவுஸை வைத்து ஓர் இழுப்பு,
கன்னத்தில் இரண்டு.
கொழுந்துக் கறை ஏறிய விரல்களைப்
பூச்செண்டுக்குப் பின்னால் ஒளிக்கச் சொல்வேன்.
அழித்ததற்குத்தான் காசு.
என் மகளின் பேஸ்டல் பெட்டியில்
ஒரு குச்சிக்குப் பெயர் 'ஸ்கின் கலர்'.
வீட்டில் யாருக்கும் அந்தத் தோல் இல்லை.

முதல் மனிதனை வரையச் சொன்னபோது
நாலு நாள் டின்னைத் திறக்கவில்லை.

ரிஃபாய் நானாவின் கடையில் கேட்டேன்.
கறுத்த பழஞ்சேறு, காய்ந்தால் ஓசை வரும் களிமண்,
அதில் படைத்தான் என்றார்.
பூமியெங்கும் அள்ளிய ஒரு பிடி என்றும் இருக்கிறது,
அதனால்தான் பிள்ளைகளில்
சிவப்பு, வெள்ளை, கறுப்பு, நடுவில் உள்ளதெல்லாம்.
சொல்லிவிட்டு அலுமாரியைப் பார்த்தார்.
"இப்ப எந்த டின் தரட்டும்?"

எபிரேயத்தில் அந்தப் பெயரே
செம்மண் பக்கம் போகிறது என்றார் ஃபாதர் லீனஸ்.
ஜன்னலுக்கு வெளியே போன கிழமை மண்சரிவு,
மலை கிழிந்து அதே நிறம்.
ஆனாலும் கையில் கொடுத்தது ஒரு காலண்டர்.
அதில் ஆதாமுக்குக் குளிர்நாட்டுக் கன்னம்.

லோகேஸ்வரி ஏழாம் வகுப்புவரை என் பெஞ்சு.
இப்போது சயன்ஸ் டீச்சர், ஆறு மாதம்.
கைப்பையிலிருந்து கிளினிக் குளிசையை எடுத்துக் காட்டினாள்.
"போலிக் அமிலம். வெயில் இதை உடம்பிலேயே சிதைக்கும்.
ரோமம் உதிர்ந்த பிறகு
கறுத்த தோல்தான் வயிற்றுப் பிள்ளைக்குக் குடை.
அப்படித்தான் நினைக்கிறார்கள்."
வெளுப்பு?
"வடக்கே போன பிறகு. நேற்றைய சங்கதி."
அப்போ முதல் ஆள் கறுப்பு.
"அவனுக்கும் முந்தியவன்
ரோமத்துக்கு அடியில் வெளிறியிருக்கலாம்.
முதல் என்று எங்கே கோடு போடுவாய்?"
பெல் அடித்துவிட்டது.

கோடு போடுவது என் தொழில்.

கடைசியில் முடிவு செய்தது
கூடையோடு எட்டிப்பார்த்த பாக்கியமேரி.
என் முழங்கையில் தடவியிருந்த கலவையைக் கண்டு
"நம்மள மாதிரி மட்டும் வரஞ்சிராதீங்க தம்பி.
கோயிலுக்குள்ளயாச்சும்
வேற ஆளப் பார்க்கணும்."
இதற்குப் பதில் கேட்டு
நானாவிடமும் போகவில்லை, டீச்சரிடமும் போகவில்லை.
ரோஜா நிறம், நாலு லீட்டர்.

எதிரே மலை.
சீசனுக்கு விளக்குச் சரம் ஏறியிருக்கிறது.
உச்சியில் ஒரு பாதம்.
சிவன் என்கிறோம், புத்தர் என்கிறார்கள்,
ஆதம் நபி என்கிறார் நானா.
அந்தக் கால் என்ன நிறம் என்று
முழங்கால் வலிக்க ஏறிப்போன ஒருவரும் கேட்டதில்லை.
கல்லும் அதை வைத்துக்கொள்ளவில்லை.

இன்று கமிட்டி தந்திருப்பது
ப்ளீச்சிங் பவுடர், வாளி, தும்புப் பிரஷ்,
மூக்கில் கட்டத் துணி.
ஏவாளைத் தேய்த்தேன்.
முழங்கால் திரும்பி வந்தது,
ஸ்டூடியோவில் வருவதுபோலவே, சுலபமாக.

பாதங்களை விட்டுவிட்டேன், நாலையும்.
ஈரம் ஊறும் சுவர், தேய்த்தாலும் நிற்காது என்றேன்.
அது பொய்யும் இல்லை.
செயலாளர் தலையாட்டினார்.

பாக்கியமேரி கிட்ட வந்தாள்.
செருப்பைக் கழற்றி
அந்தக் காலுக்குப் பக்கத்தில்
தன் காலை வைத்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டிருந்தது.