பதினேழாவது மெயின்

கோரமங்கலாவில் எல்லாமே எண்தான்.
ஆறாவது பிளாக், எத்தனையாவதோ கிராஸ்,
லிஃப்டில் மாடி, வாயிலில் பணி எண்.
பேருந்தின் நெற்றியில் மட்டும் கன்னட இலக்கம்.
அதை நான் கற்றதும்
இரண்டு முறை வண்டி மாறி ஏறி
பனசங்கரியில் இறங்கிய பிறகுதான்.

நிம்கித் சிமிக் வேலைக்குச் சேர்ந்த வாரம் மழை.
காலிம்போங்காரி,
அதை மழை என்று ஒப்புக்கொள்ளவில்லை.
எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: படிவங்களை உடைப்பது.
வயது கேட்டால் மைனஸ் ஐந்து.
பெயர் கேட்டால் நாலாயிரம் முற்றுப்புள்ளி.
அழுதால் படிவம் மோசம்,
அழாவிட்டால் இன்னும் மோசம்.

ஒரு செவ்வாய் மதியம் அவள்
வயதுக் கட்டத்தில் தன் வயதையே இட்டாள்,
லெப்சா இலக்கத்தில்.
திரையில் இரண்டு வெற்றுச் சதுரம்.
அடியில் சிவப்பாக:
சரியான எண்ணைத் தரவும்.
‘சரியான எண்தான்’ என்றாள் திரையிடம்.
‘இருபத்தேழு. போன மாதம்
நீங்கள்தானே கேக் வெட்டினீர்கள்.’

பிழைச் சீட்டு எழுதினோம்.
எத்தனை பேருக்குப் பாதிப்பு
என்று கேட்டார் பெள்ளியப்பா.
அவருக்கு அதுவும் எண்ணாகத்தான் வேண்டும்.
‘இந்த மாடியிலா? ஒருத்தி.’
முன்னுரிமை நான்கு என்று குறித்தார்.
நான்கு என்றால் அடுத்த மழைக்குப் பிறகு.
எந்த ஆண்டு மழை என்று
எவரும் சொன்னதில்லை.

மாலையில் அட்டவணையைத் திறந்து காட்டினாள்,
உலகத்து எழுத்துக்கெல்லாம் கதவிலக்கம் போட்ட அட்டவணை.
அங்கேயும் பிளாக்.
அவர்களுடைய ஏழின் முகவரி
ஒன்று, சி, நான்கு, ஏழு.
ஏழின் வாசலில் ஏழு, எட்டின் வாசலில் எட்டு.
தபால்காரருக்குக் குழப்பமே இல்லை.
‘உன் ஏழு எங்கே?’
தேடினேன்.
சுழி, பி, இ, டி.
எங்கள் ஏழு ஓர் எழுத்தில் குடியிருந்தது.
பத்தும் நூறும் ஆயிரமும்
ஆளுக்கொரு தனி அறையோடு முன்பே இருக்க,
சுழியம்தான் பிந்தி வந்து
ஒன்றுக்கு முன்னால் காலியாய்க் கிடந்த இடத்தில்
பெட்டியை இறக்கியிருந்தது.

‘எழுதிக் காட்டு.’

வெள்ளைப் பலகை. பாதி காய்ந்த மார்க்கர்.
௧ போட்டேன். க மாதிரி.
௨ போட்டேன். உ மாதிரி.
மூன்றில் கை நின்றது.
வாடகை ஒப்பந்தத்திலிருந்து அம்மாவின் சர்க்கரை அளவு வரை
தினமும் எண்ணிலேயே புழங்குகிறவள் நான்.
மூன்றில் நின்றது.
அவள் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

பிறகு கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து
என் ஒன்றையும் தன் ஏழையும் ஒட்டவைத்தாள்:

௧᱇

உங்களுக்கும் இரண்டாவது வெறும் சதுரமாகத் தெரியலாம்.
உங்கள் குற்றமல்ல, எழுத்துரு இல்லை.
‘எண்ணாக்கு’ என்று ஆணையிட்டாள்.
முதலில் இடறும் என்றே நினைத்தேன்.
17 என்றது.
எந்த ஊர், எந்தக் குலம்,
ஏன் இருவரும் ஒட்டி நிற்கிறீர்கள்
என்று கேட்கவே இல்லை.
முகத்தை வரையத் தெரியாத இயந்திரத்துக்கு
மதிப்பு தெரிந்திருந்தது.
தெரியாதது படிவத்துக்குத்தான்.
படிவம் நாங்கள் எழுதியது.

‘நான் குடியிருக்கும் மெயின்’ என்று
பதினேழைக் காட்டிவிட்டுப் பையை எடுத்தாள்.
கீழே ஆட்டோக்காரர் நான்கு இலக்கம் கேட்டார்.
கன்னடத்தில் சொன்னாள், பிழையில்லாமல்.

சீட்டு இன்னும் திறந்தே கிடக்கிறது.
பலகையை யாரும் அழிக்கவில்லை.
மறுநாள் காலை,
ஓசூர் வண்டியில் வரும் காவலர் வேடியப்பன்
அதன் முன் கொஞ்ச நேரம் நின்று
என்னிடம் கேட்டார்:
‘யாரும்மா இந்த க.உ.?’