பாதியில் நின்ற சிலுவை

குத்தாயிசியில் பதினோராம் எண் வேன்.
கோயில் கண்ணில் பட்டால் போதும்,
ஸ்டியரிங்கை விட்டுவிடுவான் நுக்சார்:
நெற்றி, வயிறு, வலத்தோள், இடத்தோள்,
மூன்று தரம்.
வளைவிலும்தான்.
நாங்களும் கூடவே போடுவோம்,
பாதி பக்தி, பாதி உயிர்ப்பயம்.

பெருநோன்பின் நான்காம் வாரம். பனிச்சேறு.
கோயில் வாசலில் குடித்து விழுந்துகிடந்தாள்
மீன் விற்கும் நானுலி.
வேன் முழுக்கக் கைகள் எழுந்தன.
அவன் கை மட்டும்
வயிற்றோடு நின்று
ஹேண்ட் பிரேக்கை இழுத்தது.

தூக்கி வந்தான்.
அவள் கை அவன் வலத்தோளில்,
தலை இடத்தோளில்.

என் மூன்று விரல்கள்
இன்னும் சேர்ந்தே இருந்தன.
பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுக்க
அவற்றைப் பிரித்தேன்.

நோன்பு நாளில்
வேன் முழுக்க மீன் வாடை.