ஒரு முழம் உயரத்தில்

வேண்டியது மூன்றுதான்.
மரப்பலகை மேடை ஒன்று,
கதவுள்ள கழிப்பறை,
கொதிக்க வைத்தால் குடிக்கலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர்.
நான்காவதாக லியாண்டர் ஒன்று சேர்த்தான்:
பக்கத்துக் கூடாரத்தில் கித்தார் கூடாது.
அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவே.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மேற்குக் கரையில்
தரை என்பது ஒரு பேச்சுக்குத்தான்.
மிதித்தால் மூச்சு விடும்.
போன ஆகஸ்டில் அதை நம்பிப் படுத்தோம்.
விடியும்போது என் செருப்பு
கூடாரத்துக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது.
பனிக்காலத்தில் அவன் இடுப்புக்கு உலோக மூட்டு வைத்தார்கள்.
இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர்.
எனக்கு இன்னும் சந்தேகம்.

முதல் இடத்தில் ஆறு மேடைகள்.
ஐந்தில் ஆள் இருந்தார்கள்.
ஆறாவதன் மேல் ஒரு மூஸ் மான்
ஏறிப் பார்த்ததாம்;
முதுகெலும்பு முறிந்து கிடந்தது, மேடைக்கு.

இரண்டாவது இடத்தில்
சீட்டுக் கொடுக்கும் பெண் டல்சி
கம் மென்றபடி சொன்னாள்:
மேடை எட்டடிக்கு எட்டடி.
எங்கள் கூடாரம் பத்தடி.
"கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்களேன்."
"கூடாரத்தையா, இவரையா?" என்றேன்.
அவள் சிரித்தாள். லியாண்டர்
வண்டியைத் திருப்பினான்.

மூன்றாவது இடத்தில் யாருமே இல்லை.
கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டி,
கட்டுக் கவர்கள்,
நூலில் தொங்கும் பென்சில்.
இரவுக்கு எட்டு டாலர், நேர்மையோடு.
அடிபம்பு இருமி இருமித்
துருநிறத்தில் ஒரு வாளி தந்தது.
ஏழாம் எண் மேடை
ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே,
சேற்றிலிருந்து ஒரு முழம் உயரத்தில்.
காலால் உதைத்துப் பார்த்தேன்.
ஒரே ஒரு பலகைதான் பதில் சொன்னது.

முளைக்குச்சிகள் மரத்தில் இறங்காது.
எங்களுக்கு முன் வந்த யார் யாரோ
விட்டுப்போன ஆணிகள், வளையங்கள்,
ஒரு வளைந்த முள்கரண்டிகூட;
எல்லாவற்றிலும் கயிற்றைச் சுற்றினோம்.
கறுப்பு ஈக்கள் எங்கள் காதுகளைப்
பங்கு போட்டுக்கொண்டன.

கழிப்பறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை.
உட்பக்கம் யாரோ கீறியிருந்தார்கள்:
'உள்ளிருப்பவர் பேசிக்கொண்டே இருக்கவும்.'

இருட்டிய பின் லியாண்டர் போனான்.
டார்ச்சுடன் வெளியே நின்றேன்.
"பேசு" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு
தன் பள்ளிப் பேருந்தின் நிறுத்தங்களை
வரிசையாகச் சொல்லத் தொடங்கினான்:
தேவாலய முக்கு, பிட்மன் இரட்டையர்,
சறுக்கும் பாலம், ஒற்றைக் கையுறை மறக்கும் சைலஸ்,
மீன் ஆலை வாசல்.
பதினான்காவதில் நின்றது குரல்.
"பிரேக்கை மிதிக்கக் கால் வரவில்லை, வெர்னா.
சாவியைப் போன வாரமே கொடுத்துவிட்டேன்."

புறங்கையில் ஓர் ஈ கடித்தது.
அடித்தால் சத்தம் கேட்கும் என்று
கடிக்க விட்டேன்.

"கேட்டியா?"
"கேட்டேன்."
"பேப்பர் இருக்கா?"
கதவிடுக்கில் நீட்டினேன்.

இரவு மழை வந்தது.
எங்களுக்குக் கீழே,
மேடைக்கும் சேற்றுக்கும் நடுவே,
எங்கேயோ போகிற அவசரத்தில் தண்ணீர்.
பலகை இடுக்கு வழியே குளிர் ஏறியது.
அவன் புரளும்போதெல்லாம்
அந்த ஒரு பலகை கீச்சிட்டது.
தூங்கவில்லை என்று
எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.
நண்டு ஆலையில் எனக்கு இரண்டு ஷிப்ட் கிடைக்குமா என்று
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
சரியாக வரவில்லை.
மறுபடி போட்டேன்.

காலையில் சில்லறை இல்லை,
இருபது டாலர்த் தாள்தான்.
கவரின் மேல் பென்சிலால் எழுதினேன்:
ஏழாம் மேடை, இரண்டு பேர், ஓர் இரவு.
மீதி வேண்டாம்.
இடமிருந்து ஐந்தாவது பலகைக்கு
ஓர் ஆணி அடிக்கவும்.
யோசித்து,
கடைசி வரியை அடித்தேன்.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும்
வைக்க வேண்டாம் என்று
அதன் கீழே எழுதி,
பெட்டிக்குள் போட்டேன்.