மற்றவை: ஒன்று

சூமாஸ் வயல்வெளியில் காலை ஆறரை.
வாசலில் மஞ்சள் நாடா. முதலில்
லொறிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினிக் குளிப்பு,
பிறகு எங்களுக்கு.
வெள்ளை உடுப்புக்குள் இறங்கிவிட்டால்
ஆளை ஆள் தெரியாது.
முதுகில் நாடா ஒட்டிப் பெயர் எழுதுவார்கள்.
சுகிர்தா நீளம்.
இங்கே நான் சுகி.

இரண்டாம் கொட்டிலில்தான் தொடங்கியது.
திங்கள், முட்டை குறைந்தது.
செவ்வாய், தண்ணீர் மீந்தது.
புதன், "சத்தம்..." என்று தொடங்கி
மேலே சொல்லத் தெரியாமல்
தொப்பியைக் கழற்றித்
திரும்பப் போட்டுக்கொண்டார் ஹெங்க் டைக்ஸ்ட்ரா.
கொண்டைகள் நீலம் பாரித்துக் கிடந்தன.
தொண்டைக்குள் பஞ்சுக் குச்சி விட்டுத்
துடைத்து எடுத்தவள் நான்.
வெள்ளி இரவு ஆய்வுகூடம் சொன்னது:
எச் ஐந்து.

இடுக்கெல்லாம் அடைத்து வாயுவைத் திறந்தார்கள்.
குழாயின்மேல் உறைபனி பூத்தது.
மணிக்கூட்டோடு வெளியே நின்றேன்.
முதலில் உள்ளே ஒரு சந்தை இரைந்தது.
பிறகு சந்தை கலைந்தது.
பிறகு
ஒருவர் மட்டும் கடையைப் பூட்டாமல் நின்றதுபோல்
ஒரு மூலையில்
கொஞ்ச நேரம்.

முட்டைக்கோழி: நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
அடுத்த கட்டம்: மற்றவை.
"வீட்டில் வேறு பறவை ஏதும் உண்டா?"
ஹெங்க் சப்பாத்தைப் பார்த்தார்.
குளியலறையில் தண்ணீர் சலசலத்தது.

தாரா. ஒற்றைத் தாரா.
பெயர் பட்டன்.
தொட்டிக்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தது,
சுகமாக, பளபளப்பாக.
தாராக்கள் அப்படித்தான்,
நோயைச் சுமந்துகொண்டு
நோயில்லாமல் நடக்கும்.
இதை ஒன்பது வயது அனிக்காவுக்குச் சொன்னேன்.
"அதுக்கு வருத்தம் இருக்கெண்டு தெரியுமா உங்களுக்கு?"
தெரியாது என்றேன்.
"இல்லையெண்டு தெரியுமா?"
அதுவும் தெரியாது.
அவளுடைய ஆங்கிலம் என் காதுக்குள்
ஏனோ எங்கள் தமிழாகவே விழுந்தது.

மதிப்பு என்றொரு கட்டமும் இருந்தது.
பூச்சியம் போடுங்கள் என்றார் தகப்பன்.
"பட்டாணிக்கே மாதம் பதினொரு டொலர்"
என்றாள் கதவுக்குப் பின்னால் நின்று.
பதினொன்று எழுதினேன்.

அவள் அழவில்லை. இதை மட்டும் சொன்னாள்:
மேலேயிருந்து கை வந்தால் பயப்படும்.
கீழேயிருந்து எடுங்கோ.
கீழேயிருந்து எடுத்தேன்.
இரண்டு கையுறை தாண்டியும்
அந்த வயிற்றின் சூடு வந்தது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
மிதித்தது கோழி இல்லை,
அதனால் பழமொழிக்கு ஒரு பழுதும் இல்லை.

கொட்டிலுக்குள்ளேயே மரத்தூள் போட்டு மூடியாயிற்று.
குவியலுக்குள் நீளக் கம்பி குத்தி
நாளுக்கு நாள் வெப்பம் பார்க்கிறேன்.
ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கக்கூடாது.
பன்னிரண்டாம் நாள் அறுபத்தொன்று.
கதவைத் திறந்தால் ஆவி,
உள்ளே பெரிய மிருகம் ஒன்று
படுத்து மூச்சு விடுகிறதுபோல.

வெளியே பக்கத்துச் சோள வயலில்
வெண்வாத்துகள், ஆயிரக்கணக்கில்.
வடக்கே எந்தப் பனியிலிருந்தோ வந்தவை,
வழிநெடுக எச்சமிட்டபடி.
அவற்றுக்குள்ளும் சில
கழுத்தை முறுக்கி ஓரிடத்தில் சுற்றுகின்றன.
அங்கே நாடா கட்ட முடியாது.
ஒரு நாய் குரைக்க
வயலே எழுந்து போய்
அடுத்த வயலில் இறங்கியது.

எனக்கும் பத்து நாள் குளிசை, கண்காணிப்பு.
மாலை ஐந்துக்குச் சுகாதாரத் தாதி எடுப்பாள்.
காய்ச்சல்? இல்லை.
இருமல்? இல்லை.
கண் சிவந்திருக்கிறதா?
ஓம். ஆனால் அது வேறு.
வேறு என்றால்?

அவளுடைய படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லைப் போல.
தட்டச்சுச் சத்தம் நின்றது.
யன்னலுக்கு வெளியே
இருட்டுக்குள் எதுவோ கூட்டமாகக் கத்திக்கொண்டு
கூரைக்கு மேலால் போனது.
"அது என்ன சத்தம்?" என்றாள்.